சனிக்கிழமைப் பட்டியல்

ஐம்பது நிமிடம் ஆகும் என்று திருமூர்த்தி சொன்னபோது, அந்த அவகாசம் வசந்தாமணிக்கு அதிகமாகவும் பட்டது, போதாததாகவும் பட்டது. “புது பிளேடுங்கக்கா. மொத வெட்டுல அவசரப்படுத்துனா பல்லுப் போயிருமுங். இது அறுந்து உழுகட்டும், அப்பறம் சாவகாசமாப் பேசலாம்” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்து மின்விசிறிக்கு அடியில் போட்டுவிட்டு, அவன் பெரிய அறுவை இயந்திரத்தின் அருகே போய்த் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றான். காலை பத்தரை மணி. கணபதிப் பகுதியின் அந்தச் சந்தில் வெயில் தகரக் கூரைகளின்மேல் ஏறிவிட்டிருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த வசந்தாமணி, ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் வந்திருந்தாள். நான் ஒரு கட்டிங் மெஷின் வாங்கியிருக்கிறேன் தம்பி, திங்கட்கிழமை வந்து இறங்குகிறது. பதினான்கு ஆண்டுகளாக இவனுக்கு இரும்பு கொடுத்துவருபவள் அவள். அவளுடைய இரும்புக் கிடங்கான யார்டிலிருந்து போகும் நீளமான உருளைகளை வாங்கி, பம்ப் கம்பெனிகள் கேட்கும் அளவுக்குத் துண்டு போட்டுக் கொடுப்பவன் இவன். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தத் துண்டுகளை அவளே போடுவாள், அதே கம்பெனிகளுக்கு. அவ்வளவுதான் செய்தி. ஆனால் காலையில் குளிக்கும்போது சொல்லிப்பார்த்தபோது அந்த வாக்கியம் ‘பையன் பிடிவாதம் பிடிக்கிறான்’ என்று தொடங்கியது. அத்திப்பாளையம் பிரிவில் கார் சிக்னலுக்கு நின்றபோது அதில் பையன் இல்லை, ‘காலம் அப்படி இருக்கிறது’ என்று இருந்தது. இந்தச் சந்துக்குள் திரும்பும்போது காலமும் உதிர்ந்து, ‘உங்களிடம் முதலில் சொல்ல வேண்டுமென்று வந்தேன்’ என்பது மட்டும் மிஞ்சியது. இப்போது, பிளேடைக் குளிர்விக்கும் கூலண்ட் வெள்ளை வெளேரென்று வழிய, பிளேடு இரும்பின் மேல்விளிம்பைத் தொட்டு முதல் கோட்டைக் கீறும் சத்தத்தில், எந்த வடிவமும் அவள் நாவில் நிற்கவில்லை. யார் வாயிலிருந்தாவது இவன் கேட்டுவிடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டால் இவன் கோபிக்கமாட்டான். மறுநாளிலிருந்து ‘அக்கா’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, ‘மேடம்’ என்று பேசத் தொடங்கிவிடுவான்.

பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை, பட்டியலின்மேல் பழியைப் போடுவதும் சரியல்ல. அது பாவம், ஒரு தாள். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஏழு மணி சுமாருக்குத் திருமூர்த்தியிடமிருந்து வரும். முதல் ஐந்தாறு ஆண்டுகள் கோடு போட்ட தாளில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், யாராவது ஒருவர் கையில் வந்தது. பிறகு அதே தாள், அதே சாய்வு, போனில் படமாக வந்தது. கம்பெனியின் பெயர், விட்டம், துண்டின் நீளம், எத்தனை. உருக்காலையிலிருந்து வரும் உருளைகள் சொல்லிவைத்த நீளத்தில் வருவதில்லை. ஒன்று ஐந்து மீட்டர் எண்பது இருக்கும், பக்கத்தில் கிடப்பது ஆறு பத்து இருக்கும். எந்த யார்டிலும் வாங்குபவனைப் பொறுக்கி எடுக்க விடுவதில்லை; கைக்கு முதலில் வருவதைத் தூக்கி லாரியில் வைப்பார்கள், மிச்சத் துண்டு வாங்கியவன் தலையெழுத்து. அவள் யார்டிலும் அப்படித்தான், மற்றவர்களுக்கு. திருமூர்த்திக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் பட்டியலை விரித்து, எந்த உருளையை எடுத்தால் அவனுடைய துண்டுகள் போக ஒரு சாணுக்கும் குறைவாக மிஞ்சும் என்று பென்சிலால் பொருத்திப் பார்ப்பாள். அவளுக்கு அது வேலையாக இருந்ததே இல்லை. கோயிலுக்குப் போவது போல, பூத்தொடுப்பது போல, மனம் அடங்கும் ஒரு காரியம். நான்கு விரல் அகலம் மட்டும் மிஞ்சிய ஞாயிறுகளில் அவள் தனியே சிரித்துக்கொண்டதும் உண்டு. கம்பெனிப் பெயரை அவன் எழுதியிருக்கக் கூடாது. அளவு போதும். இந்தக் கம்பெனிக்கு இன்ன ஆலை இரும்புதான் ஆகும், அந்தக் கம்பெனிக்கு எதுவானாலும் ஆகும் என்று அவளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று எழுதத் தொடங்கினான். பெயர் வேண்டாம் தம்பி என்று முதல் வாரமே அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது அது நம்பிக்கையாகத் தெரிந்தது, நம்பிக்கையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. ஏறக்குறைய எழுநூறு தாள்கள். போன தையில் மகன் நவநீதன் அத்தனையையும் கணினியில் ஏற்றினான். “பதினாலு வருச டேட்டாம்மா, நம்ம பீரோவுல சும்மா தூங்குது” என்றான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. நான்கு மாதத்தில் மூன்று கம்பெனிக்காரர்கள், முழு உருளை வேண்டாம், துண்டாகக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் துண்டாகக் கொடுக்கும் யார்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். யார்டிலும் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எந்த அளவு மெஷின் வாங்குவது என்று நவநீதன் எதை வைத்து முடிவு செய்தான்? “முன்னூறு மில்லிமீட்டருக்கு மேல ஒருத்தருமே கேக்கறதில்லம்மா. எழுநூறு பட்டியல்ல ஒண்ணுகூட இல்ல. முன்னூத்தி இருவது மெஷின் போதும்.” திருமூர்த்தி கையால் எழுதியதை வைத்து அவனுக்கே போட்டியை அளவெடுத்திருக்கிறார்கள். தையல்காரனிடம் அளவுச் சட்டை கொடுத்ததுபோல இவன் வாராவாரம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அதை அவள் மறுக்கவில்லை, முன்பணமும் அவள் கையெழுத்தில்தான் போயிற்று.

பிளேடு இப்போது உருளைக்குள் நான்கு விரல் இறங்கியிருந்தது. மேலே தட்டையாக ஒரு வாய் திறந்தது போல. அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், வெகு நேரம் கழித்துத்தான் உருளையின் மறுமுனையைப் பார்த்தாள். எந்த ரக இரும்பு என்று தெரிவதற்காக முனையில் வண்ணம் பூசுவது எல்லா யார்டிலும் உள்ள வழக்கம். அவளுடையதில் மஞ்சளுக்கு நடுவே சுண்ணாம்புப் பொட்டு போல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். இதில் பச்சை. பச்சைக்கு நடுவே ஒன்றும் இல்லை. அவள் யார்டு இரும்பு அல்ல. விட்டமோ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு; நானூறு இருக்கும். நானூறு. ஒருத்தரும் கேட்பதில்லை என்று நவநீதன் சொன்ன அளவுக்கும் மேலே நூறு. முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, பிறகு திடீரென்று எல்லாம் தோன்றியது. இவன் வேறு இடத்தில் வாங்குகிறான். எத்தனை நாளாக? யாரிடம்? தனக்குத் தெரியாமல் யாருக்கோ இன்னொரு பட்டியல் போகிறது, அதே சாய்ந்த எழுத்தில், இன்னொரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு. கன்னம் சூடேறியது. ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன என்று தன்னைக் கடிந்துகொண்டாலும் அந்தச் சூடு இறங்கவில்லை. இறங்காததோடு, சற்று நேரத்தில் அது இனிக்கவும் தொடங்கியது. அப்படியானால் இவனும் என்னிடம் முழுதாக இல்லை. அப்படியானால் என் வாக்கியம் அவ்வளவு கொடியது அல்ல. நீங்க ஒரு பக்கம் வாங்கறீங்க, நான் ஒரு பக்கம் வெட்டறேன், சரியாப் போச்சு. இந்த வடிவம் குளியலறையிலும் காரிலும் வராத வடிவம், சொல்வதற்கு மிக எளிது, ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப்பார்த்தாள். இரண்டாம் முறை அதன் குரல் தன்னுடையதாக இல்லை என்று கண்டாள். போன மாதம் ‘துண்டாகக் கொடுக்கும் யார்டு இருக்கிறது’ என்று சொன்ன அந்தக் கம்பெனி மேலாளரின் குரல் அது.

“சொல்லுங்கக்கா. போன்ல என்னமோ பேசோணும்னீங்களே.” டீயோடு திருமூர்த்தி முன்னால் நின்றான். இயந்திரத்தின் பக்கத்தில் அவனுக்குப் பதிலாகப் பொன்னுச்சாமி நின்றார், அந்தப் பட்டறையின் மூத்த ஆபரேட்டர். எப்போது வந்து எப்போது மாறிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. டீயை வாங்கினாள். சொல்ல வாயைத் திறந்தாள். “மழை வர்றாப்பல இருக்குது” என்றாள். பொன்னுச்சாமி திரும்பிக்கூடப் பார்க்காமல், “வெய்யிலு தகரத்த உருக்குது, அம்மா மழைங்கறாங்க. ஏனுங்க மூர்த்தி, அம்மாவுக்கு ஃபேன இன்னுங் கொஞ்சம் வேகமா வெய்யுங்க” என்றார். “அவங்க யார்டுல மட்டும் பேயும்போல” என்று திருமூர்த்தி சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவன் தலை மறுபடி சாய்ந்துவிட்டது. சத்தத்தில் ஏதோ நுணுக்கமாக மாறியிருந்தது போலும், அவளுக்குக் கேட்காதது. “அண்ணா, பிளேடு வேகத்தக் கொஞ்சம் கொறைங்க” என்றபடி போய்விட்டான். பிளேடு நடுவை நெருங்கிக்கொண்டிருந்தது. இரும்பு மிக அகலமாக இருக்கும் இடம் அது, எல்லாப் பற்களும் ஒரே சமயத்தில் உள்ளே இருக்கும் இடம், அதைக் கடப்பதுதான் கடினம் என்று இவனே எப்போதோ சொல்லியிருக்கிறான்.

இவன்தான் அவளிடம் முதலில் வாங்கியவன். கணவர் சண்முகசுந்தரம் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யார்டைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எது எந்த ரகம் என்று அவர் தலைக்குள் இருந்ததே தவிர, பாதி உருளைகளின் முனையில் வண்ணமே இல்லை. வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் இல்லை, தெரியாது, இல்லை என்று சொல்லிச் சொல்லி மதியத்துக்குள் தொண்டை வறண்டது. அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த திருமூர்த்தி முன்னால் வந்து, மோட்டார் தண்டு செய்யும் ரகத்தில் இரண்டு உருளை கேட்டான். அவள் கொடுத்தாள். அதற்குப் பிறகு நடந்தது இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. அவள் சொல்லும் விதத்தில், அவள் எடுத்துக் கொடுத்ததே தவறான இரும்பு, சாதாரண மெது இரும்பு. மூன்றாம் நாள் அவன் ஒரு துண்டைக் கொண்டுவந்து, யார்டு கிரைண்டரில் தேய்த்து, பொறி பறக்கும் விதத்திலேயே ரகம் தெரியும் பாருங்கள் என்று காட்டி, சத்தமில்லாமல் மாற்றி எடுத்துப்போனான். திருமூர்த்தி சொல்லும் விதத்தில், அவள் கொடுத்தது சரியான இரும்புதான். வண்ணம் பூசிய முனையைக் கடைசிவரை வெட்டக் கூடாது என்ற பாலபாடத்தை மறந்து அந்த முனையையே முதலில் வெட்டியெறிந்ததால், எது எது என்று தெரியாமல் அவன் பட்டறையிலேயே உருளைகள் கலந்துபோயின. அவள் விதத்தில் துண்டு கொண்டுவந்தது மதியம். அவன் விதத்தில் காலை. அவள் விதத்தில் அவள் அழுதாள். அவன் விதத்தில் அந்த அழுகை இல்லை. பொன்னுச்சாமியிடம் ஒரு முறை கேட்டதற்கு, “எனக்கென்னமோ அன்னிக்கு லீவுன்னு ஞாபகமுங்” என்று நழுவினார். பதினான்கு ஆண்டுகளாக இரண்டு பேரும் தப்பைத் தன் பக்கமே இழுத்து இழுத்துச் சொல்லி, எது நடந்தது என்பதே தேய்ந்துவிட்டது. இன்று இந்த நாற்காலியில், கூலண்டின் புளித்த வாடைக்கு நடுவே, அவளுக்கு முதன்முறையாக நிச்சயமாகத் தெரிந்தது: அவன் கொண்டுபோன இரண்டு உருளைகளிலும் வண்ணமே இல்லை. வெட்டியெறிவதற்கு ஒரு வண்ண முனை இருந்ததே இல்லை. அவன் அந்த முனையைத் தன் கதையில் அவளுக்காகச் செய்து சேர்த்திருக்கிறான். அப்படிப்பட்ட ஒருவன் நானூறு உருளையை எதற்காக மறைப்பான்? விலைக்காகவா? அவள் யார்டில் முன்னூறுக்கு மேல் எப்போதாவது இருந்திருக்கிறதா? இல்லை. யார்டின் கிரேன் அதற்குமேல் தூக்காது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? இல்லை என்று சொல்லியிருப்பாள். வாராவாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும், இல்லை, இல்லை என்று. கைப்பையின் வாரை அவள் விரல்கள் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தன. அப்படியென்றால் பட்டியல் முழுதாக இருந்ததே இல்லை. அவளிடம் இருப்பதை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல் அது.

சத்தம் மெலிந்தது. சங்கிலியில் கட்டியிருந்த துண்டு ஒரு கணம் நின்று, பிறகு தன் பாரத்தோடு மெல்ல விலகி ஆடியது. வெட்டிய முகம் ஈரத்தில் பளபளத்தது. திருமூர்த்தி அதில் உள்ளங்கையை வைத்துத் தடவிப்பார்த்து, சரி என்று தலையசைத்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எதிரே ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “இப்பச் சொல்லுங்.”

“நான் ஒரு மெஷின் வாங்கிட்டனுங்க தம்பி. கட்டிங் மெஷின். திங்கக்கெழமை வருது.”

எந்த வடிவமும் இல்லாமல் அது வந்துவிட்டது. பையனும் இல்லை, காலமும் இல்லை. அவன் கையில் இருந்த துணி அசையவில்லை.

“எத்தன மில்லி வரைக்கும் வெட்டுமுங்?” என்றான்.

“முன்னூத்தி இருவது.”

“ம். என்ற பட்டியல வெச்சுப் பாத்தீங்களாக்கா?”

“ஆமாங்க தம்பி.”

அவன் தலை தாழ்ந்தது. சிரிக்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. “முன்னூறுக்கு மேல நான் உங்களுக்கு எழுதுனதே இல்லீங்களே.”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இந்தப் பச்சையப் பாத்து.” அவள் உருளையின் முனையைக் காட்டினாள். “ஏனுங்க தம்பி, என்கிட்ட கேட்டிருந்தா என்ன?”

“கேட்டா இல்லைம்பீங்க. மொத நாளே எத்தன இல்லை சொன்னீங்கன்னு நான் பாத்தனல்லங். நானும் ஒருத்தன் சொல்ல வெக்கோணுமா?” அவன் துணியை மடித்தான், பிரித்தான். “வருத்தமில்லைன்னு பொய் சொல்லமாட்டனுங்கக்கா. இந்தப் பெருசு ஓடும். மத்த நாலு மெஷினும் நின்னு போயிரும். பொன்னுச்சாமியண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னு இப்பவே நெனப்பு அங்கதான் போகுது.” அவர் காதில் விழுந்திருக்கும். துடைப்பத்தால் இரும்புத்தூளைக் கூட்டும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. “ஆனா நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க” என்று தொடங்கியவன், அதை முடிக்கவில்லை. எழுந்து, சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டான். “நாளைக்குச் சனிக்கெழமை. பட்டியல் அனுப்பறதுங்களா, வேண்டாமுங்களா?”

இந்தக் கேள்வி எந்த ஒத்திகையிலும் வந்ததில்லை. அனுப்புங்கள் என்று சொன்னால் அனுப்புவான். பெயரோடும் அனுப்புவான், இவனுக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. நவநீதன் அதைக் கணினியில் ஏற்றுவான். எந்தக் கம்பெனி இந்த வாரம் இவனிடம் எத்தனை துண்டு குறைத்தது, எது இன்னும் இவனோடு இருக்கிறது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரிந்துகொண்டே இருக்கலாம். வேண்டாம் என்று சொன்னால் ஏழு மணிக்குப் போன் சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை மேசையில் தோசைத்தட்டு மட்டும் இருக்கும். சண்முகசுந்தரம் போன பிறகு தவறாமல் அவளுக்கென்று எழுதப்பட்டு வந்த எழுத்து உலகத்தில் அது ஒன்றுதான் என்பதும், அதில் ஒரு முறைகூட நலமா என்று கேட்டிராததும், அளவுகளைத் தவிர ஒரு சொல்லும் இருந்திராததும், அப்படியிருந்தும் அதைப் படித்து முடிக்கும்போதெல்லாம் யாரோ நலமா என்று கேட்டதுபோல இருந்ததும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் நினைவில் வந்து நின்றன. அவன் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான், வேலை கேட்டு நிற்பவனைப் போல, அல்லது வேலை கொடுத்துவிட்டு நிற்பவனைப் போல.

“அனுப்பாதீங்க தம்பி” என்றாள்.

மெஷின் என்று கேட்டபோது மாறாத அவன் முகம் இப்போது மாறியது. அவள் அவசரமாகத் தொடர்ந்தாள்: “இனிமே எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். யாருக்கு என்ன வெட்டறீங்கன்னு நான் பாக்கக் கூடாது. நீங்களே யார்டுக்கு வாங்க. எல்லா உருளையையும் வெளிய இழுத்துப் போடச் சொல்றேன். டேப்பப் புடிச்சு, நீளம் பாத்து, உங்களுக்கு வேணுங்கறத நீங்களே பொறுக்கி எடுத்துக்கங்க. ஒருத்தரும் பக்கத்துல வரமாட்டாங்க. நானும் வரமாட்டேன்.”

“யார்டுக்குள்ள யாரையும் பொறுக்க விடமாட்டீங்களேக்கா.”

“விடமாட்டேன்.”

அவன் அடுத்த வெட்டுக்கு உருளையைத் தள்ளச் சொல்லிப் பொன்னுச்சாமிக்குச் சைகை காட்டினான். உருளை உருட்டுச் சட்டங்களின்மேல் கனமாக நகர்ந்து நின்றது. அளவு நாடாவை நீட்டி, வெட்ட வேண்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழித்தான். கிழித்துவிட்டு அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

“திங்கக்கெழமை உங்களுக்கு மெஷின் எறக்கற வேல இருக்கும். கூட்டமா இருக்கும். ஞாயித்துக்கெழமை வரட்டுங்களாக்கா?”

ஞாயிற்றுக்கிழமை யார்டு கிடையாது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு ஞாயிறும் அந்தக் கதவு திறந்ததில்லை. காவல்காரனே அன்று ஊருக்குப் போய்விடுவான், சாவி வீட்டில் ஆணியில் தொங்கும்.

“வாங்க” என்றாள் வசந்தாமணி. “நானே வந்து தொறந்து வெக்கறேன்.”